கை காட்டும் பெட்டி

முப்பது திரைகளிலும் ஒரே நேரத்தில் சிவப்புக் கை வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை, கடைசிக்கு முந்தின பீரியட். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எரிமலை எப்படி வெடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலை புகைய ஆரம்பித்து, இதோ வெடிக்கப்போகிறது என்கிற கட்டத்தில் திரை வெளுத்தது. நடுவில் டிராபிக் போலீஸ்காரர் காட்டுவதுபோல ஓர் உள்ளங்கை. அதற்குக் கீழே ‘உங்கள் நிர்வாகத்தின் விருப்பப்படி தடுக்கப்பட்டுள்ளது’ என்று இங்கிலீஷில் ஒரு வரி.

"சார், எரிமலை கெட்ட படமா சார்?" என்று முதல் வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

வரதராஜன் ஒவ்வொரு கம்ப்யூட்டராக மூடித் திறந்து பார்த்தார். புத்தூரில் அந்தத் தனியார் பள்ளியில் மூன்று வருடமாக அவர்தான் கம்ப்யூட்டர் ஆசிரியர், மூன்று வருடமாக டெம்பரரி. வருகிற ஒன்றாம் தேதி பர்மனெண்ட் ஆர்டர் தருகிறேன் என்று கரஸ்பாண்டெண்ட் ஹரிபாபு போன வாரம்தான் வாய்திறந்து சொல்லியிருந்தார். ஆர்டர் வந்தால் மனைவி தேவயானி ஸ்ரீசிட்டி ஆலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸை விடிவதற்கு முன்னால் ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. அவளுக்கு ஐந்தாம் மாதம். பஸ்ஸோ ஸ்பீடு பிரேக்கரை மதிக்காத பஸ்.

சிவப்புக் கைக்குச் சொந்தக்காரப் பெட்டி முந்தின நாள் திங்கட்கிழமைதான் வந்திருந்தது. பள்ளிக்கூடத்து நெட்டில் பிள்ளைகள் பார்க்கக் கூடாததைத் தடுக்க எல்லாப் பள்ளியிலும் பில்டர் வைக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. திருப்பதிக் கம்பெனி ஒன்றிலிருந்து பவன்குமார் என்கிற இன்ஜினியர் பெட்டியோடு வந்தான். ஆபீசில் இரண்டு பக்கப் பாரம் ஒன்றைக் கொடுத்தான். கிளார்க் திருவேங்கடம் தன் குண்டுக் கையெழுத்தில் ஒரு கட்டம் விடாமல் நிரப்பினார். ஹரிபாபு படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பவன்குமார் அதை அப்படியே பெட்டிக்குள் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டான். வரதராஜன் அந்த நேரம் ஏணி மேல் நின்று கேபிளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

எலும்பு முறிந்தால் உலகமே கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்கு வரும். புத்தூரில் நெட் முறிந்தால் திருப்பதிக்குத்தான் போன் போட வேண்டும். போட்டார். ஜெயச்சந்திரன் என்று ஒருவன் எடுத்தான்.

"ஆப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?"

"பண்ணேன்."

"இன்னொருக்கா பண்ணுங்க."

"மூணு வாட்டி பண்ணிட்டேம்பா. செட்டிங்ஸ்ல இன்னா இருக்குதுன்னு நீ பாரு."

"செட்டிங்ஸ் பாஸ்வேர்டு பவன் கிட்ட கதா சார் இருக்குது."

"அவர் கிட்ட கேளு."

"அவரு நேத்து நைட்டே பிளைட்டு எக்கேசாரு சார், ஏறிப் போய்ட்டாரு. டாலஸ்ல ஜாப். புது நம்பர் இன்னும் வர்ல."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு எழுத்துப் படித்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துவிடுவது வழக்கம்தான். போகிறவர்கள் ஊறுகாய் எடுத்துப் போவார்கள். இவன் பாஸ்வேர்டை எடுத்துப் போய்விட்டான்.

"ரெண்டு லிஸ்ட்டு மட்டும் உங்க கையில இருக்குது சார்," என்றான் ஜெயச்சந்திரன். "விடற லிஸ்ட்டு, தடுக்கற லிஸ்ட்டு. எரிமலையை விடற லிஸ்ட்டுல போடுங்க."

போட்டார். அதைப் போட்டு முடித்து, இன்னும் நாலு முறை ஆப் செய்து ஆன் செய்து, நிமிர்ந்தபோது பள்ளி விட்டிருந்தது. கையும் போயிருந்தது. நாம்தான் சரிசெய்தோம் என்று வரதராஜன் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கெடுத்தது.

புதன்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் மறுபடி கை. ஆசிரியர்கள் மார்க் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வரதராஜன் சாப்பாட்டை விட்டுவிட்டு, உலகத்தில் உள்ள நல்ல தளங்களையெல்லாம் விடற லிஸ்ட்டில் சேர்க்க உட்கார்ந்தார். இருநூற்றுப் பத்தாவது தளத்தைச் சேர்த்தபோது ஜெயச்சந்திரன் போனில் வந்தான்.

"அவ்ளோ பெரிய லிஸ்ட்டு போட்டா பொட்டி தாங்குமா சார்? எல்லாத்தையும் தூக்குங்க. வீடியோவை மொத்தமா தடுத்துடுங்க. லோடு கொறையும்."

இருநூற்றுப் பத்தையும் தூக்கினார். வீடியோவைத் தடுத்தார். சற்று நேரத்தில் கை மறைந்தது. மார்க் ஏறியது. ஆனால் இப்போது எரிமலை எந்த நாளும் வெடிக்க வழியில்லாமல் போயிற்று. சயின்ஸ் டீச்சர் அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்ததும் கை.

ஸ்டாஃப் ரூமில், ஆபீசில், லேபில், எங்கும் ‘வரதராஜன் சார், வரதராஜன் சார்’ என்று கூப்பாடு. பதறாத ஒரே ஆள் கிளார்க் திருவேங்கடம்தான். பிச்சாட்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், முப்பது வருடச் சர்வீஸ், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். கை வந்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, டீ குடிக்கக் கிளம்பினார்.

"இன்னா திருவேங்கடம், நீங்களாச்சும் கம்ப்ளைண்ட் எழுதிக் குடுக்கக் கூடாதா? பொட்டி இந்த லட்சணத்துல வேலை செய்யுது."

"பொட்டி மேல ஒரு குத்தமும் இல்ல சார். நல்ல பொட்டி. இந்த ஸ்கூல்ல ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்."

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து வரதராஜன் லேபுக்குத் திரும்பினார்.

சூடு தாங்காமல் பெட்டி மயங்குகிறது என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. பள்ளியில் ஏசி உள்ள ஒரே அறை ஹரிபாபுவுடையது. சாயங்காலம் பெட்டியைப் பெயர்த்துக்கொண்டுபோய் அவர் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். கேபிள் இழுக்கச் சுவரில் துளை போட்டதில், மாட்டியிருந்த ஹரிபாபுவின் தகப்பனார் படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அவர் இன்னும் சாணே ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இண்டர்வெல் முடிந்ததும் ஹரிபாபு மாமியாருக்காகத் திருமலை தரிசன டிக்கெட் புக் செய்ய உட்கார்ந்தார். பெயர், வயது, ஆதார் நம்பர் எல்லாம் அடித்து, கடைசிப் பொத்தானை அழுத்தினார். சிவப்புக் கை வந்தது.

வரதராஜனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏமண்டி வரதராஜன் காரு, இது கெட்டதைத் தடுக்கற பொட்டி அன்னீங்க. வெங்கடேஸ்வர சுவாமியையே தடுக்குதே."

"வந்து சார், சூட்டுக்கு..."

"பதினெட்டு டிகிரி வெச்சிருக்கேன். எனக்கே ஸ்வெட்டர் காவாலி. பொட்டிக்குச் சூடா?"

அன்றுதான் ஹரிபாபு விஷயத்தைச் சொன்னார். இதே பள்ளியில் படித்த சாய்குமார் இப்போது அமெரிக்காவில் பெரிய வேலையில் இருக்கிறான். நாற்பது புதுக் கம்ப்யூட்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வீடியோவில் வந்து, பெற்றோர் முன்னால் அறிவிக்கப்போகிறான்.

டீ டம்ளரோடு வாசலில் நின்ற திருவேங்கடம், "பத்தரைக்கு மேல வெச்சுக்கினா நல்லா இருக்கும் சார்," என்றார்.

"நாக்கூட தெலுசு திருவேங்கடம். அவனுக்கு அங்கே நடுராத்திரி. அமெரிக்காக்காரன் டைம் சொன்னா நாம ஒத்துக்கணும்." ஹரிபாபு வரதராஜன் பக்கம் திரும்பினார். "அந்த டைம்ல மட்டும் கை வந்துச்சோ, உங்க ஆர்டர் இல்லை. அர்த்தமாயிந்தா?"

நன்றாகவே அர்த்தமாயிற்று.

வீட்டுக்கு வந்து நோட்டில் கட்டம் போட்டு, கை வந்த நாளையும் பீரியடையும் குறித்தார். செவ்வாய் கடைசி இரண்டு. புதன் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி. வியாழன் சாப்பாட்டுக்குப் பின். வெள்ளி இண்டர்வெல்லுக்குப் பின். திங்கட்கிழமை பெட்டி தங்கமாக இருந்தது. செவ்வாயிலிருந்து அதற்கு என்ன கிரகம் பிடித்ததென்று தெரியவில்லை. எந்த வகுப்பு, எந்த டீச்சர், எந்தத் தளம், கரண்ட் எப்படி என்று எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"தினம் ரெண்டு பீரியட் லீவு போட்டுக்கினு எங்கியோ போய்ட்டு வருது," என்றாள் தேவயானி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு. "அதுக்குக் குடுக்கற லீவுகூட எங்க கம்பெனியில எனக்கு இல்ல."

அவருக்கு அழுகை வந்தது. சோறு துன்னும்போது அழக் கூடாது என்று அவள் சொன்னதால் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் ஹரிபாபு பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நாற்பது கம்ப்யூட்டர் வருகிறது என்று ஊருக்குத் தெரிந்து கண் பட்டுவிட்டது, திருஷ்டி கழிக்க வேண்டும் என்றார். புதன்கிழமைக்கு ஐயரைச் சொல்லிவைத்தார்.

வரதராஜனின் நைனா நகரியில் தறி ஓட்டிய கறுப்புச் சட்டைக்காரர். அந்த வீட்டில் காலண்டர் என்றால் தேதி கிழிக்க மட்டும்தான். நல்லது கெட்டது பார்த்து எதையும் செய்ததில்லை. வரதராஜன் கல்யாணமே ஆடி மாதத்தில் நடந்தது, மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. அப்பேர்ப்பட்டவர் மகன் ஒரு நெட்வொர்க் பெட்டிக்கு முன்னால் வெண்பூசணியைத் தாங்கிக்கொண்டு நின்றார். பர்மனெண்ட் ஆர்டர் என்பது மனிதனை எங்கெல்லாம் நிற்க வைக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்ததும் சொன்னபடி கை வந்தது. ஐயர் தட்டில் பூ, குங்குமம், கற்பூரம் எல்லாவற்றையும் பரப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமே சாமி," என்றார் வரதராஜன். பூசணி கனத்தது.

"இருங்க. அவசரப்பட்டுச் செய்யற காரியமா இது?"

ஐயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஹரிபாபுவும் பார்த்துத் தலையாட்டினார். பூசணியோடு வரதராஜன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். பெரிய முள் கீழே இறங்கி நின்றதும் ஐயர் எழுந்து கற்பூரம் ஏற்றினார். ஏற்றிய கையோடு திரையில் கை மறைந்தது.

அறையில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் தாமதித்து வரதராஜனும் போட்டுக்கொண்டார்.

"பத்து நாளா நீங்க செய்யாததை சாமி ஒரு நிமிஷத்துல செய்தாரு," என்றார் ஹரிபாபு.

அந்த ஒரு நிமிஷத்துக்கு ஆயுள் ஒரு நாள். வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் கை திரும்பி வந்தது. பூஜை செய்த பெட்டியை யார் தொட்டது என்று விசாரணை நடந்தது. பெட்டியின் காற்றோட்டத் துளையில் அப்பியிருந்த குங்குமத்தைக் காலையில் வரதராஜன் துணியால் துடைத்திருந்தார். மறைக்கவும் இல்லை. அவ்வளவுதான், இவர் கை பட்டதால்தான் அந்தக் கை வந்தது என்று தீர்ப்பாகிவிட்டது. பெட்டி கண்ணாடி பீரோவுக்குள் போயிற்று. சாவி ஹரிபாபுவின் இடுப்புக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை இண்டர்வெல் முடிந்து கை வந்தபோது வரதராஜன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பெட்டிக்கு வருகிற கேபிளை வெளியிலேயே பிடுங்கி லேபுக்கு நேராக மாட்டிவிட்டார். பெட்டி இல்லை, பில்டர் இல்லை, கையும் இல்லை. நெட் ஆற்று வெள்ளமாகப் பாய்ந்தது. பத்து நாளில் முதல்முறையாக அவர் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில், விஷயத்தைச் சொல்லி நல்ல பேர் வாங்க ஹரிபாபுவைத் தேடிக்கொண்டு போனார்.

ஹரிபாபு வேறு வழியாக லேபுக்கு வந்துகொண்டிருந்தார். கூடவே பெற்றோர் சங்கத்தார் பதினோரு பேர், நாளைய விழாவுக்கு இடம் பார்க்க. அவர்கள் உள்ளே நுழைந்தபோது முப்பது திரையில் பன்னிரண்டில் ரம்மி, ஒன்பதில் சினிமாச் சண்டை. மூலையில் ஒன்றில் மட்டும் எரிமலை. மீதியில் ஓடியதைப் பற்றிப் பெற்றோர் சங்கச் செயலாளர் கிருஷ்ணம்மா பிற்பாடும் வாய்திறக்கவில்லை. முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு வெளியே போனதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

"பொட்டி இல்லாம இனி ஒரு செகண்டு நெட்டு ஓடக் கூடாது," என்றார் ஹரிபாபு. "நாளைக்கும்தான். பேரண்ட்ஸுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

சனிக்கிழமை கம்ப்யூட்டர் லேபுக்கு வகுப்பு கிடையாது. அதனால் வரதராஜன் நோட்டில் சனிக்கிழமைக் கட்டம் காலி. திங்கட்கிழமையைப் போல அதுவும் நல்ல நாளாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, எட்டு மணிக்கே வந்துவிட்டார். தடுக்கற லிஸ்ட்டிலிருந்து வீடியோவை எடுத்துவிட்டு, எட்டரைக்கு ஸ்கைப்பைத் திறந்தார். சாய்குமார் தெளிவாகத் தெரிந்தான். பின்னால் அவன் வீட்டு பிரிட்ஜ்கூடத் தெரிந்தது.

"சூப்பரா இருக்கு சார். ஒன்பதரைக்கு வர்றேன்," என்றான்.

‘இன்னிக்கு ஆர்டர் வாங்கிடுவேன். திங்கட்கிழமை உன் கம்பெனிக்கு லெட்டர் எழுதிடலாம்’ என்று தேவயானிக்கு மெசேஜ் அனுப்பினார்.

ஒன்பது மணி அடித்தது. விழாவுக்காக லேபில் மாட்டியிருந்த பெரிய திரையில் சுவர் உயரத்துக்குச் சிவப்புக் கை வந்து நின்றது.

அரை மணி நேரம் அவர் செய்யாதது எதுவும் இல்லை. ஆப் செய்தார், ஆன் செய்தார். ஜெயச்சந்திரன் போனை எடுக்கவில்லை. கற்பூரம்கூட ஒன்று கொளுத்தினார். நைனா மன்னிக்கட்டும். பீரோச் சாவிக்காக ஹரிபாபுவிடம் ஓடி, "ஒரே ஒரு மணி நேரம் பொட்டியைக் கழட்டிக்கிறேன் சார்," என்று கெஞ்சினார். ஹரிபாபு முன்வரிசையைக் கண்ணால் காட்டினார். அங்கே பதினோரு பெற்றோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிருஷ்ணம்மா, முந்தானையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு.

ஒன்பதே முக்காலுக்கு ஹரிபாபுவின் செல்போன் அடித்தது. சாய்குமார்.

"அங்கிள், இங்க பன்னெண்டே கால். காலையில டியூட்டி. நெட்டே சரியா இல்லாத ஸ்கூலுக்கு நாப்பது கம்ப்யூட்டர் எதுக்கு அங்கிள்? சத்தியவேடுல ஒரு ஸ்கூல் கேட்டுக்கினே இருக்காங்க. அவங்களுக்கே குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மாலை, சால்வை, கேசரி எல்லாம் அப்படியே இருக்க, லேப் காலியாயிற்று. ஹரிபாபு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வரதராஜன் காரு, நானா அனுப்பினா உங்களுக்கு வேற எடத்துல வேலை கிடைக்காது. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. ஆபீஸ்ல இன்வர்டு ரிஜிஸ்டர்ல பதிஞ்சு எனக்கு அனுப்புங்க. இன்னிக்கே."

லேபில், அந்தப் பெரிய கைக்கு முன்னால் உட்கார்ந்து, வரதராஜன் ராஜினாமாக் கடிதம் எழுதினார். சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதும்போது எழுத்துக் கோணியது. தேவயானிக்கு அனுப்பிய மெசேஜை எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்தார். வழி தெரியவில்லை. ஸ்ரீசிட்டி பஸ் இன்னும் நாலு மாதம் அவளைத் தூக்கித் தூக்கிப் போடும். நாலு மாதத்துக்குப் பிறகு என்ன என்று நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆபீசில் திருவேங்கடம் மட்டும் இருந்தார். கம்ப்யூட்டரை மூடிவைத்து, துடைத்த மேசையில் இரண்டு கையையும் ஊன்றி அமைதியாக உட்கார்ந்திருந்தார். இன்வர்டு ரிஜிஸ்டரும் மூடியிருந்தது. வரதராஜன் கடிதத்தை நீட்டினார்.

"இன்வர்டு போடுங்க."

திருவேங்கடம் படித்தார், கையில் வாங்காமலேயே படித்தார். அவர் முகம் மாறியது.

"இன்னா சார் இது? கொழந்தை பொறக்கப்போற நேரத்துல."

"போடுங்க திருவேங்கடம். சார் சொல்லிட்டாரு."

திருவேங்கடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து அடித்துப் பத்து நிமிஷம்.

"பத்தரைக்கு மேல குடுங்க சார். இப்ப ரிஜிஸ்டரைத் திறக்க மாட்டேன்."

"ஏன்? பத்தரைக்கு மட்டும் இன்னா ஆயிடப்போவுது?"

"ராகு காலம் போய்டும் இல்ல சார்," என்றார் திருவேங்கடம் பொறுமையாக. "அந்தப் பவன்குமார் தம்பிகூட, எந்தெந்தக் கிழமை எந்தெந்த நேரத்துல எதையும் திறக்கக் கூடாதுன்னு பாரத்துல எழுதச் சொன்னாரே, காலண்டரைப் பாத்து நான்தான் வரிசையா எழுதிக் குடுத்தேன். எமகண்டத்துக்குத்தான் அதுல எடம் பத்தல."